திருவல்லிக்கேணிச் சந்தில் வீடு வாங்குவது எப்படி

திருவல்லிக்கேணியில் வீடு பார்க்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, சதுர அடி என்ன விலை போகிறது என்றுதான். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எதெல்லாம் நமக்கே சொந்தம், எதெல்லாம் அடுத்தவரோடு பொது என்று முதலில் கேளுங்கள். இங்கே சுவர் பொது, சந்து பொது, கிணறு பொது, மாடிப்படி பொது, சாக்கடைக் குழாய் பொது. சில வீடுகளில் மனையே வேறொருவருடையது. விற்கிற உரிமையும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று ஏழெட்டுப் பேருக்குப் பொதுவாகக் கிடக்கும். இந்தப் பொதுக் கணக்கைத் தீர்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள்.

நான் சிவில் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. வில்லங்கம் போடுவது (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைத் தேடி எடுப்பது), பழைய பத்திரத்துக்கு நகல் மனு கொடுப்பது, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனை வைத்துக்கொண்டு காத்திருப்பது, இதுதான் பிழைப்பு. குடியிருப்பது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில். வேளச்சேரிக்கோ தாம்பரத்துக்கோ போய்விடலாம் என்று வீட்டில் பேச்சு வரும், போனதில்லை. அதனால் பத்திரத்தைப் பற்றியும் சொல்வேன், குழாயைப் பற்றியும் சொல்வேன்.

தெருவைப் பார்ப்பது

புரோக்கர் உங்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டி வருவார். ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம். பைகிராப்ட்ஸ் ரோடு என்று நாங்கள் இன்னமும் சொல்கிற பாரதி சாலையில் நடைபாதைப் புத்தகக் கடைகள் மட்டும் கலகலவென்று இருக்கும். அந்த நேரத்தில் எந்தச் சந்தும் அழகுதான்.

புரோக்கர் இல்லாமல் நீங்களாகப் போங்கள். விடிகாலையில் ஒருமுறை போய், தண்ணீர் எப்போது வருகிறது, எந்த வீட்டில் மோட்டார் ஓடுகிறது, யார் அடிபம்பில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய மசூதிப் பக்கம் திருவல்லிக்கேணி ஹைரோட்டில் நடந்து பாருங்கள். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் ராத்திரி பெல்ஸ் ரோடு வழியாக வீட்டுக்கு வர முயன்று பாருங்கள். போலீஸ் தடுப்பு எங்கே வைப்பார்கள் என்று தெரிந்துவிடும். பார்த்தசாரதி கோயிலில் உற்சவம் என்றால் மாட வீதிகளில் பெருமாள் புறப்பாடு உண்டு, அன்றைக்குத் தெருவில் நிறுத்திய வண்டியை எடுத்தாக வேண்டும். விநாயகர் ஊர்வலம் போகும் நாளில் ஹைரோடு பூராவும் காக்கிச் சட்டை. இதெல்லாம் பிடிக்காது என்றால் இங்கே வராதீர்கள். வந்து குடியேறிவிட்டு, பாங்கு சத்தம் கேட்கிறது, நாயனச் சத்தம் கேட்கிறது என்று புகார் சொல்கிறவரை இந்த ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் போங்கள். சந்தின் எந்த முனையில் தண்ணீர் நிற்கிறது, வடிய எத்தனை நேரம் ஆகிறது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. மழை இல்லாத மாதம் என்றால் சுவரைப் பாருங்கள். தெருப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாகச் சாயம் வெளுத்திருந்தால் அது 2015 டிசம்பரோ 2023 டிசம்பரோ விட்டுப்போன கோடாக இருக்கலாம். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாதது கிடையாது. “2019 கோடையில் இந்தக் கட்டடத்துக்கு வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் வந்தது?” என்று கேட்டால் போதும். ஏரிகள் வறண்ட அந்த வருடத்தை ஒரு கட்டடம் எப்படித் தாண்டியது என்று தெரிந்தால், அதன் கிணறு, போர், அசோசியேஷன் மூன்றின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

கையோடு டேப் கொண்டுபோய்ச் சந்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். சந்து முனையில் அல்ல, நடுவில். நடுவில்தான் யாராவது படிக்கட்டை நீட்டி வைத்திருப்பார்கள். அந்த அகலம் இப்போதைக்கு ஆம்புலன்ஸுக்கும் வீடு மாற்றும் குட்டி யானைக்கும். நாளைக்கு நீங்கள் இடித்துக் கட்டப் போனால் எத்தனை மாடிக்கு அனுமதி என்பதற்கும் அதுதான் கணக்கு.

மனை யாருடையது

விலை சந்தேகப்படும்படி குறைவாகச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரி கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் அடிமனை கோயிலுக்கும், மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கும் வீடுகள் உண்டு. மாதாமாதமோ வருடத்துக்கோ அடிமனை வாடகை கட்டுவார்கள். சில மனைகள் வக்ஃபுக்கு உரியவை, சில மனைகள் தனியார் அறக்கட்டளைக்கு.

இப்படி மனையை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவரைக் காப்பாற்ற 1921-லேயே சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள் என்று அவர் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் 1996-ல் கொண்டுவந்த திருத்தத்தில் கோயில் முதலான மத நிறுவனங்களின் நிலம் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. கோயில் நிலத்தை விற்க வேண்டுமானால் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம் சார், நாலு தலைமுறை” என்று சொல்வார்கள். உண்மையாகவே இருப்பார்கள். நாலு தலைமுறை இருந்தாலும் மனை கோயிலுடையதுதான். அப்படிப்பட்ட சர்வே எண்ணில் பத்திரம் பதியப் போனால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சென்னை நகரத்துக்குள் பட்டாவுக்குப் பதிலாக நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் இருக்கும். வக்கீல் ஆபீஸ்களில் டிஎஸ்எல்ஆர் என்போம். அதில் உரிமையாளர் பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் ஷெட்யூலில் “மனையும் கட்டடமும்” என்று இருக்கிறதா, “கட்டடம் மட்டும்” என்று இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். கட்டடம் மட்டும் என்றால் பேங்க் லோன் என்கிற பேச்சை மறந்துவிடலாம்.

பத்திரம் படிப்பது

சென்னையின் பழைய தெருக்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம் உண்டு, பழைய எண், புதிய எண். 1962-ல் எழுதிய பத்திரத்தில் இருப்பது அதற்கும் பழையதாக இருக்கலாம். சர்வே எண்ணிலும் அதே கதை: ஓ.எஸ். எண் (பழைய சர்வே), ஆர்.எஸ். எண் (மறு சர்வே), கலெக்டர் சான்றிதழ் எண் என்று வரிசையாக வரும். ஆகவே வில்லங்கம் போடும்போது ஒரே ஒரு எண்ணைக் கொடுத்து “ஒன்றும் இல்லை” என்று வந்ததும் சந்தோஷப்படக் கூடாது. பழைய கதவிலக்கம், புதிய கதவிலக்கம், சர்வே எண் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துத் தேட வேண்டும். ஆன்லைனில் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். வெளியூர் லேஅவுட் மனைக்கு 30 வருடம் பார்த்தால் போதும் என்பார்கள். இங்கே நாங்கள் தாய்ப்பத்திரம், அதாவது உரிமை தொடங்குகிற மூலப் பத்திரம், கிடைக்கும்வரை பின்னால் போவோம்.

ஒரு பத்திரத்தைச் சொல்கிறேன். 1958-ல் அண்ணன் தம்பி இருவர் எழுதிக்கொண்ட பாகப் பிரிவினை. தெரு வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நீள வீடு, அகலம் பதினாலு அடி. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. கிணறு அண்ணன் பாகத்தில். ஷெட்யூலுக்குக் கீழே, முத்திரைத் தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்: பின்பாகத்தார் கிணற்றில் நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், தெருவிலிருந்து கிணறு வரைக்கும் மூன்றடி அகலத்தில் போக வர உள்ள நடை பாத்தியமும் உண்டு. வீடு அப்புறம் மூன்று கை மாறியிருந்தது. மூன்று கிரயப் பத்திரத்திலும் இந்த வாக்கியம் இல்லை, அடுத்தடுத்து எழுதியவர்கள் சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லையை, மட்டும் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் முன்பாகத்தை இடித்துவிட்டுக் கடை கட்டத் திட்டம் போட்டிருந்தார். பதினாலு அடியில் மூன்றடி பின்வீட்டுக்காரரின் வழி என்றால் மிச்சம் பதினொன்று. கிணற்றின் மேல் கான்கிரீட் போட முடியாது. விலையைக் குறைத்துப் பேசி, பின்வீட்டாரோடு வழியைப் பற்றி ஒரு பத்திரம் பதிந்துகொண்டுதான் வாங்கினார். கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் அஸ்திவாரம் தோண்டும் அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்திருக்கும்.

அப்படி எழுதி வைத்த பாத்தியம் இல்லாவிட்டாலும், 20 வருடம் யாரும் தடுக்காமல் வெளிப்படையாக அனுபவித்த வழிக்கும் வெளிச்சத்துக்கும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னல் உங்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கிறதா, எத்தனை வருடமாக என்று கேட்டு வையுங்கள்.

வில்லங்கத்தில் வராத விஷயங்களும் இருக்கின்றன. பதியாத உயில், நடக்கிற வழக்கு, சேட்டிடம் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய கைமாற்று, ஊரில் இல்லாத வாரிசு, இவை எதுவும் அதில் தெரியாது. அதனால் ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். “பேங்க் லாக்கர்ல இருக்கு, மெதுவா காட்டறோம்” என்றால் மெதுவாகவே அட்வான்ஸ் கொடுக்கலாம். “காணாமல் போச்சு” என்றால் போலீஸில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கியிருக்கிறார்களா, பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு உங்கள் வக்கீல் பெயரிலும் ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு இங்கிலீஷ் பேப்பரில் பொது அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். செலவைப் பார்க்காதீர்கள். எங்கிருந்தோ ஒரு மருமகன் போன் பண்ணுவார்.

வாரிசு விஷயத்தில் பழைய குடும்பங்கள் இன்னமும் பெண்களை விட்டுவிட்டுத்தான் பேசும். “தங்கைக்கெல்லாம் சீர் செய்து அனுப்பியாச்சு.” சீர் வேறு, பாகம் வேறு. பூர்வீகச் சொத்தில் கல்யாணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பாகம் கொடுத்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. தங்கைகளும் வந்து கையெழுத்துப் போடட்டும், அல்லது தங்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும். அமெரிக்காவிலிருக்கும் தம்பி பவர் (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்புகிறார் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் ஆகியிருக்க வேண்டும், இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் போய்விடும். ஆகவே அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள், அதைக் கேட்டுச் சங்கடப்படாதீர்கள். உயில் வழியாக வந்த சொத்து என்றால், சென்னை நகரத்துச் சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயிலுக்கு நீண்ட காலம் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்கிற கோர்ட் சான்று, கட்டாயமாக இருந்தது. ஹைகோர்ட்டில் புரோபேட் வாங்கினார்களா என்று வக்கீல் கேட்பார். வாங்கவில்லை என்றால் விவகாரம் அவர் பொறுப்பு, உங்கள் பொறுமை.

அட்வான்ஸ் கொடுக்கும்போது வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறவும் வருமான வரிச் சட்டம் விடாது.

உள்ளே யார் இருக்கிறார்கள்

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒண்டுக்குடித்தனம். முற்றத்தைச் சுற்றி நாலு குடும்பம், ஒரு கழிவறை. விற்கிறவர் “ரெண்டே மாசத்துல காலி பண்ணித் தரேன்” என்பார். காலி பண்ணட்டும், பிறகு கிரயம் வைத்துக்கொள்ளலாம். குடித்தனக்காரரோடு வீட்டை வாங்கினால், விற்றவரின் இடத்தில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள், அவ்வளவுதான். 1960-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரியிலிருந்து புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, எழுத்துமூல ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் முப்பது வருடமாக வாய்ப்பேச்சில் இருக்கும் ஒரு பாட்டியைக் காலி செய்ய வைப்பது எந்தச் சட்டத்திலும் சுலபமில்லை. நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும், பல சமயம்.

விற்கிறவர் பக்கத்தில் இல்லாதபோது குடியிருப்பவரிடம் போய் நேராகப் பேசுங்கள். வாடகைக்கா, லீசுக்கா? லீஸ் என்றால் இங்கே மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. அந்தப் பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஒருவர் வீட்டுக்குள் குடியிருக்கிறார் என்றால் அவருக்குள்ள உரிமை வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்பது கோர்ட்டில் எடுபடாது.

ஃபிளாட் என்றால்

தனி வீட்டுக்கு இங்கே விலை கட்டுபடியாகாது, ஆகவே நிறையப் பேர் எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய பழைய ஃபிளாட்டுக்குத்தான் வருகிறார்கள். அதில் விலை மதிப்புள்ளது கான்கிரீட் இல்லை, யூடிஎஸ் என்கிற பிரிபடாத மனைப் பாகம். 600 சதுர அடி ஃபிளாட்டுக்கு 300 அடி யூடிஎஸ் ஒரு மாதிரி, 180 அடி வேறு மாதிரி.

என் வேலையில் நான் முதலில் செய்வது ஒரு கூட்டல். அந்தச் சர்வே எண் முழுவதற்கும் வில்லங்கம் போட்டு, ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் எழுதிக் கொடுத்த யூடிஎஸ்ஸைக் கூட்டுவேன். மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. எட்டு ஃபிளாட், ஆளுக்கு 300. சரியாக வந்தது. ஒன்பதாவதாக மொட்டை மாடியில் ஒரு வீடு இருக்கிறதே, அதற்குப் பாகம் எங்கிருந்து வந்தது? அந்த ஒன்பதாவது வீட்டைத்தான் பெரும்பாலும் விற்பனைக்குக் கொண்டுவருவார்கள், காற்றோட்டம், கடல் தெரியும் என்று. அனுமதி வாங்கிய வரைபடத்தைக் கேட்டால் அதில் அந்த மாடியே இருக்காது. எட்டு வீட்டில் ஒன்றை வாங்கினாலும் மொட்டை மாடி யாருக்கு என்று படியுங்கள். மனைக்காரர் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் நாளைக்கு அவர் அங்கே மாடி எழுப்பப் பார்ப்பார், அல்லது செல்போன் டவருக்கு விடுவார்.

கட்டடம் தேய்ந்துபோனால் இடித்துக் கட்டும் பேச்சு வரும். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தால் அத்தனை பேரும் முடங்குவார்கள். 2022-ல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். ஆகவே வாங்குமுன் அசோசியேஷன் கூட்டத்தில் என்ன பேச்சு ஓடுகிறது என்று கேளுங்கள். அசோசியேஷனே இல்லை, கீழ்வீட்டு மாமாதான் மோட்டார் போடுகிறார் என்றால், மாமா யார், எத்தனை வயது என்று கேளுங்கள்.

கட்டடத்தைத் தட்டிப் பார்ப்பது

பழைய ஓட்டு வீட்டையும் மெட்ராஸ் டெர்ரஸ் வீட்டையும் கண்டு பயப்பட வேண்டாம். மெட்ராஸ் டெர்ரஸ் என்பது தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டது. நூறு வருடம் தாண்டியும் நிற்கும். உத்தரம் சுவருக்குள் போகிற முனையில்தான் எல்லாமே. ஏணி போட்டு ஏறி, அந்த முனையைச் சாவிக்கொத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சோளப்பொரி மாதிரி பொத்தென்று உள்வாங்கினால் கரையான் வேலையை முடித்துவிட்டது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறி உப்புப் பூக்கும்.

பயப்பட வேண்டியது எண்பதுகளின் கான்கிரீட்டைப் பார்த்து. கடற்கரை நடக்கிற தூரம், உப்புக் காற்று. பால்கனியின் அடிப்பக்கம், குளியலறைக் கூரை, மேல்தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள உத்தரம், இந்த மூன்றையும் பாருங்கள். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள், கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு வீக்கம் தெரியும். கம்பி துருப்பிடித்து உப்பிக் காரையைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு இடத்தில் என்றால் செப்பனிடலாம். எல்லா அறையிலும் என்றால் கட்டடத்தை மறந்துவிட்டு யூடிஎஸ்ஸுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மாடிப்படியின் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். பீரோ திரும்பாது, கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றலாம். வயதான அம்மாவை நாற்காலியில் வைத்து இறக்க முடியுமா? அதற்குப் பால்கனி உதவாது.

பணம்

60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். தெருவுக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு நீங்கள் பேசிய விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அதன்மேல்தான் கட்ட வேண்டும், அட்வான்ஸுக்கு முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் வந்தது. ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். திருவல்லிக்கேணியில் 10 லட்சத்துக்கு மாடிப்படி கூட வராது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இங்கே 60,000. விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி இதைவிட மிக அதிகம், முறையும் வேறு; ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பேங்க் இந்த வரம்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்காது, அதாவது அதிகபட்சம் 48 லட்சம். அதுவும் அவர்கள் போடும் மதிப்பில். நாற்பது வருடக் கட்டடம் என்றால் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று அவர்களுடைய இன்ஜினியர் எழுதுவதைப் பொறுத்து அது குறையும், லோன் காலமும் சுருங்கும். பத்திரச் செலவுக்கு லோன் கிடையாது. எனவே கையில் 12 லட்சமும், பத்திரச் செலவும், புரோக்கருக்கும் வக்கீலுக்கும், வயரிங் குழாய் மாற்ற ஒரு தொகையும் வேண்டும். இருபது லட்சத்துக்குக் குறைந்து கையில் இருந்தால் 60 லட்ச வீட்டைப் பார்க்கப் போக வேண்டாம்.

குடிவந்த பிறகு

பதிவு முடிந்ததும் சொத்துவரி, மெட்ரோ வாட்டர், ஈபி மூன்றையும் பெயர் மாற்றுங்கள். சொத்துவரியில் தொடங்குவது நல்லது, மற்ற இடங்களில் அந்த ரசீதைக் கேட்பார்கள். நில அளவைப் பதிவேட்டிலும் பெயர் ஏற வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விற்கும்போது ஓடுகிறார்கள்.

கார் இருந்தால் வாங்குமுன்பே அதற்கு இடம் தேடியிருக்க வேண்டும். இப்போது சொல்வது, தெருவில் இரவு நிறுத்துகிற இடத்துக்கு எழுதாத உரிமை ஒருவருக்கு இருக்கும், புதிதாக வந்தவர் அதில் நிறுத்தினால் ஒரு வாரம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எட்டாம் நாள் கண்ணாடி மடங்கியிருக்கும். முதலில் பேசிவிடுங்கள். எங்களுக்கு ஸ்கூட்டர் போதும். ஜாம்பஜாரில் காய், மீன், பறக்கும் ரயிலுக்குத் திருவல்லிக்கேணி ஸ்டேஷன், பிரசவத்துக்குக் கோஷா ஆஸ்பத்திரி, சாயங்காலம் மெரினா, எல்லாம் நடைதான்.

பக்கத்து வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அன்றைக்கே உங்கள் வீட்டுச் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இருக்கிற விரிசலுக்கு மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பொதுச் சுவர் என்றால் அவர்கள் தங்கள் பக்கத்தை இடித்ததும் உங்கள் பாதி வெயிலிலும் மழையிலும் மொட்டையாக நிற்கும். அதற்கு யார் பூச்சுப் பூசுவது, முட்டுக் கொடுப்பது என்று எழுதி வாங்குங்கள். அவர்களுடைய இன்ஜினியரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, சுவரைக் காட்டி, பார்த்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பெரும்பாலும் போட்டுக்கொடுப்பார்கள். அவர்களுக்கும் நாளைக்கு அந்தச் சந்தில்தான் மணல் இறக்க வேண்டும், உங்கள் வாசலில்.